பெண்களுக்கான ஸ்கீ பூட்: தடித்த கெண்டைக்காலுக்கு எது பொருந்தும்?

வணக்கம் தோழிகளே. சூரிச்சில் இருக்கிறேன். பனிச்சறுக்கு பழகி இது மூன்றாவது குளிர்காலம். இதுவரை வாடகை பூட்தான், இப்போது சொந்தமாக வாங்கப் போகிறேன்.

போன வருடம் வாடகைக் கடையில் என் வழக்கமான ஷூ அளவு 39 என்றதும் 25.5 (ஸ்கீ பூட்டின் அளவு, பாத நீளம் செ.மீ. கணக்கில்) எடுத்துக் கொடுத்தார்கள். போட்டதும் மெத்தென்று இருந்தது. சரிவில் இறங்கினால் குதிகால் உள்ளே தூக்கித் தூக்கி அடித்தது. கொக்கிகளை இறுக்கினேன். மேல்விளிம்பு கெண்டைக்காலைக் கவ்விப் பிடித்து, மதியத்துக்குள் பாதம் மரத்துவிட்டது. சாயங்காலம் கழற்றிப் பார்த்தால் காலைச் சுற்றிச் சிவப்பு வளையம்.

அப்புறம் வீட்டில் சுவரில் குதிகாலை ஒட்டி நின்று அளந்தேன். வலது 24.2 செ.மீ., இடது 23.9. அகலம் 99 மி.மீ. அப்படியென்றால் 24.5 தானே சரி? பூட்டின் மெத்தென்ற உள்ளுறையைக் கழற்றிவிட்டு, கெட்டியான வெளி ஓட்டில் மட்டும் கால்விரல்நுனி முன்னால் தொட நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை, இரண்டு செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும் என்பது வரை தெரியும்.

என் கவலை கெண்டைக்கால்தான். பெண்களுக்கான பூட்டில் மேல்பகுதி தாழ்வாக, அகன்று இருக்கும் என்றாலும், தடித்த கால் உள்ளவர்களுக்கு அது போதுமா? யாராவது கொக்கியின் இடத்தை மாற்றி வைத்தோ, உள்ளுறையைச் சூடாக்கி வார்த்தோ பார்த்தீர்களா? எடை 62 கிலோ, எளிதான நீலப் பாதைகளை விட்டு இப்போதுதான் நடுத்தரமான சிவப்புக்குப் போகிறேன். பூட்டின் விறைப்பு (flex) எண் 80 எடுக்கட்டுமா, 90 எடுக்கட்டுமா? பொறுமையாகக் காலைப் பார்த்துப் பொருத்தித் தரும் கடை சூரிச் பக்கம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.