புதுச்சேரி கடற்கரையில் ராவணஹத்தா கேட்ட அனுபவம்

ராவணஹத்தா என்கிற ராஜஸ்தான் தந்தி வாத்தியத்தை யாராவது நேரில் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டது புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலையிலிருந்து கொஞ்சம் தள்ளி. சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிட்டு நடக்கிறவர்களுக்கு மட்டும் சாலையை விடுவார்களே, அந்த நேரம். பெரிய தலைப்பாகை கட்டிய ராஜஸ்தான்காரர் ஒருவர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். முதலில் காதில் விழுந்தது சலங்கைச் சத்தம்தான். யார் தாளம் போடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தால், ஆள் அவர் ஒருவர்தான். சலங்கையை வில்லிலேயே கட்டியிருந்தார். வில்லை இழுக்கும்போது மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டுவார், அது குலுங்கும். ராகமும் தாளமும் ஒரே கையிலிருந்து வந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

பாட்டு முடிந்ததும் பக்கத்தில் போய், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே கையில் கொடுத்தார். அடியில் பாதிக் கொட்டாங்கச்சி, அதன் வாயில் இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல், அதிலிருந்து நீளும் மூங்கில் தண்டு. வாசிக்கிற தந்தி இரண்டு. ஒன்று குதிரை மயிர், இன்னொன்று எஃகுக் கம்பி. தண்டின் ஓரத்தில் வரிசையாகத் தந்தியை முறுக்கும் சின்னச் சின்னப் பிருடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய கம்பி. இந்தக் கம்பிகளை வில்லும் தொடுவதில்லை, விரலும் தொடுவதில்லை. வாசிக்கிற தந்தியில் அவற்றுக்குரிய சுரம் வரும்போது தானாகவே அதிரும். அவர் வில்லை எடுத்த பிறகும் ஓசை சற்று நேரம் நின்று அடங்கியதற்குக் காரணம் அதுதான். வயலின் மாதிரி மோவாய்க்குக் கீழே வைப்பதில்லை. கொட்டாங்கச்சியை மார்போடு சேர்த்து, தண்டை முன்னால் நீட்டிப் பிடிக்கிறார்கள்.

கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். அதனால் பாட்டுக்குப் பாட்டு பிருடையை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டே இருந்தார். பறையைத் தீயில் காய்ச்சுகிற நம்மவர்களுக்கு இந்தப் பாடு புரியும்.

அன்று அவர் வாசித்ததெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்குத் தெரிந்த சினிமாப் பாட்டுகள். அந்த வாத்தியத்தின் உண்மையான வேலையே வேறு. ராஜஸ்தானின் மார்வாடுப் பகுதியில் பாபுஜி என்கிற நாட்டுத் தெய்வத்தின் கதையைப் பாடுகிற போப்பா என்னும் பாடகர்களின் கருவி அது. ஃபட் எனப்படும் நீளமான ஓவியத் துணியை விரித்துக் கட்டி, இரவு முழுக்கப் பாடுவார்கள். கதை எந்த இடத்துக்கு வருகிறதோ, ஓவியத்தில் அந்த இடத்துக்கு போப்பாவின் மனைவி விளக்கைக் காட்டிக் கூடவே பாடுவார். அந்தத் துணியே அவர்களுக்கு நடமாடும் கோவில். நைந்துபோனால் குப்பையில் போடாமல் புஷ்கர் ஏரியில் விட்டுவிடுவது மரபு. அப்புறம், ராஜஸ்தானுக்கு ஒட்டகத்தைக் கொண்டுவந்ததே பாபுஜிதான், அதுவும் இலங்கையிலிருந்து என்று அந்தக் கதை சொல்கிறது! பாலைவனத்துக் கதையில் இலங்கை வருவதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

வாத்தியத்தின் பெயரிலேயே இராவணன் இருக்கிறான், அவன்தான் இதை உண்டாக்கினான் என்பது அவர்கள் நம்பிக்கை. நமக்கும் அவன் இசைக்காரன்தானே. நம் பக்கத்துச் சிவன் கோவில் திருவிழாக்களில் கயிலாய வாகனம் வரும்போது கவனித்துப் பாருங்கள். மலையைத் தாங்குகிற இராவணன் கையில் வீணை இருக்கும். சம்பந்தர் பதிகங்களின் எட்டாம் பாட்டில் அவன் வந்துகொண்டே இருப்பான், செருக்கு அடங்கி இறைவனைப் பாடி அருள் பெற்றவனாக.

சரி, கொட்டாங்கச்சி என்றதும் உங்களுக்கும் ஞாபகம் வந்திருக்கும். மாசி மகத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் தீர்த்தவாரிக்குச் சாமிகள் வந்து இறங்கும். அந்தக் கூட்டத்தில் தோளில் ஒரு கட்டுக் கொட்டாங்கச்சி வயலினோடு ஒருவர் வாசித்துக்கொண்டே போவாரே, அவரைத்தான் சொல்கிறேன். அதே கொட்டாங்கச்சி, அதே மூங்கில். ஆனால் தந்தி ஒன்றுதான், உடன் அதிரும் கம்பிகளோ சலங்கையோ கிடையாது. அந்த ஒற்றைத் தந்தியில் பழைய பாட்டின் சங்கதியெல்லாம் பிசகாமல் விழும். பிள்ளைகள் வாங்கி வந்து இழுத்தால் கிறீச்சென்று கத்தும். உடனே பொம்மை என்று மூலையில் போட்டுவிடுகிறோம். இதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. சுரம் எங்கே இருக்கிறது என்று காட்ட, வீணையில் இருக்கிற மாதிரி அதில் மெட்டுக்கட்டைகள் கிடையாது. வாசிப்பவர் காதை நம்பி விரலை வைக்க வேண்டும். அது பல வருடப் பழக்கத்தில் வருகிற வித்தை. ராவணஹத்தாவைக் கேட்ட பிறகு எனக்குக் கொட்டாங்கச்சி வயலின்காரர்மேல் மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது. ராஜஸ்தான்காரரைப் படம் எடுத்துக் கொண்டாடுகிற நாம், அவரையும் நின்று கேட்க வேண்டும்.

போன மாசி மகத்தில் அப்படி ஒருவரிடம் ஒரு கொட்டாங்கச்சி வயலின் வாங்கினேன். வில்லில் குங்கிலியம் தேய்த்தால்தான் தந்தியைப் பிடிக்கும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இப்போது ச, ப சுரங்கள் இரண்டும் ஓரளவு நிற்கின்றன. கடலூர்ப் பக்கம் இதைச் செய்கிற குடும்பங்கள் யாரையாவது தெரிந்தால் எழுதுங்கள், போய்ப் பார்க்க வேண்டும்.