மறு: முற்றல் குச்சியா, முற்றல் போத்தா? (வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்)

அன்பர்களுக்கு வணக்கம்.

நாற்றங்கால் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அழகுச் செடிகளைக் குச்சி நட்டுப் பெருக்கும் பாடத்தில் 'hardwood cutting', அதாவது முற்றிய கிளையிலிருந்து வெட்டி நடும் துண்டு, என்பதற்கு மட்டும் தமிழ்ச் சொல் இன்னும் அமையவில்லை. நான் முதலில் எழுதியது 'வன்மரத் துண்டு'. போன வாரம் வகுப்பில், காகிதப்பூவில் அப்படி ஒன்று வெட்டி வாருங்கள் என்றேன். ஒரு பையன் பட்டை வெடித்த அடிக்கிளையை அரிவாளால் தறித்துக்கொண்டு வந்தான், மண்வெட்டிக் காம்பு கனத்தில். அவன்மேல் தவறில்லை, சொல் அதைத்தான் சொன்னது. நமக்கு வேண்டியது போன பருவத்தில் வளர்ந்து, பச்சை மாறிப் பழுப்பேறிய, பென்சில் கனக் கிளை. 15–20 செ.மீ. நீளம், 3, 4 கணு. அடியில் கணுவை ஒட்டி நேர்வெட்டு, நுனியில் சாய்வெட்டு. தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க அந்தச் சாய்வுதான் அடையாளம்.

> 'காழ்த்துண்டு' என்று வைக்கலாமே. தொல்காப்பியமே கைகொடுக்கிறது.

ஐயா, "அகக்காழ் அனவே மரமென மொழிப" என்பதில் காழ் என்பது உள்ளே இறுகிய வைரம். இந்த இளவயதுக் கிளையைக் குறுக்கே வெட்டினால் நடுவில் மெத்தென்ற நெட்டிதான் இருக்கும். காழிலிருந்து மணிவடம், காழ்ப்பு என்று நீங்கள் எழுதிய மூன்று மடல்களையும் ரசித்துப் படித்தேன். ஆனால் இங்கே பேச்சு முற்றிய பருவத்தைப் பற்றியது, வைரத்தைப் பற்றியது அல்ல.

> எங்கட ஊரில கதியால் எண்டுதான் சொல்லுவம்.

அருமையான சொல், அக்கா. ஆனால் கதியால் என்றதும் கிளுவையும் பூவரசும் வேலியாக நிற்கின்றன. செம்பருத்தியைத் தொட்டியில் நடுபவருக்கு அது பொருந்துமா?

> 'கட்டிங்' எல்லாருக்கும் புரிகிறதே!

புரிகிறது, சரி. ஆனால் இளசு, அரைமுற்றல், முற்றல் என்று மூன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே. வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்கும் யாருக்கும் 'முற்றல்' புரியும். அந்தப் பாதியில் நமக்குள் சண்டையே இல்லை.

மறுபாதிக்கு என் விருப்பம் போத்து. தொல்காப்பியத்தின் மரபியல் ஓரறிவுயிரான செடிகொடி மரங்களின் இளமைப் பெயர்களில் அதைச் சேர்க்கிறது:

பிள்ளை குழவி கன்றே போத்தெனக்
கொள்ளவும் அமையும் ஓரறி வுயிர்க்கே

தென்னம்பிள்ளை, வாழைக்கன்று இரண்டும் இன்றும் வாயில் இருக்கின்றன. நடுவதற்கு வெட்டும் முருங்கைப் போத்தும் அப்படித்தான். ஏட்டிலும் தோட்டத்திலும் ஒருசேர வாழும் சொல் நமக்கு எத்தனை முறை கிடைக்கிறது? போத்து எருமைக் கடாவையும் குறிக்குமே என்று ஒருவர் கேட்டார். குறிக்கும், அதே மரபியல்தான் ஆண்பாற் பெயர்களிலும் போத்தைச் சேர்க்கிறது. ஒரே இயலில் இரண்டு பொருளும் நிற்கும்போது நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

ஆனாலும் நான்கு பேர் 'குச்சி' என்கிறீர்கள். போத்து என்றால் கை கனக் கிளைதான் நினைவுக்கு வரும் என்பது உங்கள் வாதம். வகுப்பில் நடந்ததைப் பார்த்த பிறகு அதை என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை. எனவே கையேட்டில் 'முற்றல் குச்சி' என்றே போடுகிறேன். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்: அடுத்த பாடத்தில் இலையை வெட்டி நட்டு வளர்ப்பது வருகிறது. அதை 'இலைக்குச்சி' என்பீர்களா?