மூத்தவளை அம்மம்மாவிடம் விடலாமா?

கல்லடிப்பிள்ளை:
எனக்குச் சொந்த இடம் தம்பிலுவில். மூன்று வருடமாகக் கல்லடியில் வாடகைக்கு இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு மட்டக்களப்பு நகரில் வேலை, நான் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மகளுக்கு மூன்றரை வயது. மகனுக்கு நாலு மாதம், போன கிழமைதான் நாலாம் மாத ஊசி போட்டோம். முழுச் சம்பளத்தோடு தந்த 84 வேலை நாள் பிரசவ லீவு இந்த மாதத்தோடு முடிகிறது.

மகன் இரவில் மூன்று தரம் எழும்புகிறான். அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மகள் எழும்பி அழுகிறாள். ஒன்றரை வருடமாகப் பாயில் சலம் போகாத பிள்ளை திரும்பப் போகிறாள். சூப்பியில்தான் பால் வேண்டும் என்கிறாள். முந்தாநாள் ஏணைக்குள் கையை விட்டுத் தம்பியின் காலைக் கிள்ளிவிட்டாள். நான் அடித்துவிட்டேன், அப்புறம் நானும் அழுதேன்.

“மூத்தவளை என்னிடம் விடு, ஆறு மாதம் போகட்டும், இங்கே மாடு கன்று இருக்கு, பெரியம்மாவின் பிள்ளைகள் இருக்கிறார்கள்” என்று அம்மா சொல்கிறார். அவரும் சரி என்கிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. விடலாமா?

தம்பிலுவிலான்:
யோசிக்காமல் விடுங்கள் அக்கா. நானும் நம்ம ஊர்தான். தங்கச்சி பிறந்ததிலிருந்து பத்து வயது வரை அம்மம்மாதான் என்னை வளர்த்தார். குளிக்க வார்த்தது, பாலர் பாடசாலைக்குக் கூட்டிப்போனது எல்லாம் அவர்தான். எனக்கு ஒரு குறையும் வரவில்லை. நம்ம பக்கம் மூத்த பிள்ளை எப்போதும் அம்மம்மாவின் பிள்ளைதான், இது காலங்காலமாக உள்ள வழக்கம். வாடகை வீட்டுக்குள் அடி வாங்கிக்கொண்டு இருப்பதைவிட, வளவில் ஓடி விளையாடினால் பிள்ளைக்கும் நல்லது, உங்களுக்கும் நித்திரை கிடைக்கும்.

வாவிக்கரை:
தம்பி வழக்கம் என்று சொன்னதால் எழுதுகிறேன். அந்த வழக்கம் எப்படி நடந்தது என்று கொஞ்சம் யோசியுங்கள்.

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்குப் பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அதே வளவில் ஒரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். மூத்த பிள்ளை அம்மம்மாவோடு படுத்தது என்றால் கிணற்றடிக்கு அந்தப் பக்கம் படுத்தது, அவ்வளவுதான். இரவில் “அம்மா” என்று அழுதால் அம்மாவுக்குக் கேட்கும். விடிந்ததும் பிள்ளை தாயின் அடுப்படியில் நிற்கும். தம்பி, உங்கள் அம்மா எங்கே இருந்தார்? அதே வளவில்தானே?

கல்லடிக்கும் தம்பிலுவிலுக்கும் இடையில் கல்முனை இருக்கிறது, அக்கரைப்பற்று இருக்கிறது. பஸ்ஸில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். இதை வழக்கம் என்று சொல்ல என்னால் முடியாது.

மூன்றரை வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதம் எவ்வளவு என்று தெரியாது. தம்பி வந்தான், என்னை அனுப்பிவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும். பிள்ளை ஏங்கிப்போகும் தங்கச்சி. சலம் போவதும் சூப்பி கேட்பதும் நோய் இல்லை. பின்னால் ஒரு பிள்ளை வந்தால் மூத்தது கொஞ்சக் காலம் குழந்தையாகிப் பார்க்கும். தம்பி குடிப்பதுபோல் குடித்தால் அம்மா என்னையும் தூக்குவாரா என்று பார்க்கிறது. தூக்கினால் அது தானாகப் போகும்.

காத்தான்குடி ராத்தா:
மகள், மூத்தவவ விடாதீங்க. உங்கட உம்மாவ இங்க கூப்பிடுங்க.

தம்பிலுவிலான்:
வாவிக்கரை அக்கா, வளவு ஒன்றுதான், அது உண்மை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தாய் இரவில் மூன்று தரம் எழும்பி, காலையில் ஐந்து மணிக்குச் சமைத்து, ஏழரைக்குப் பாடசாலையில் நிற்க வேண்டும். நித்திரை இல்லாத தாய் கை ஓங்குவது அவருடைய குணம் இல்லை, களைப்பு. அதே களைப்பில் நாளைக்கு ஸ்கூட்டியில் கல்லடிப் பாலத்தில் போகும்போது கண் சொக்கினால்? மகளின் மனம் முக்கியம் என்கிறீர்கள், தாயின் உடம்பை யார் பார்ப்பது? அம்மம்மாவைக் கூப்பிடச் சொல்வது லேசு. பால் மாட்டை யார் கறப்பது? அப்பப்பா, அம்மப்பா என்று படுக்கையில் யாராவது இருந்தால்?

கல்லடிப்பிள்ளை:
அப்பாவுக்குச் சீனி வருத்தம், இரண்டு நேரமும் ஊசி. அம்மாதான் போடுகிறார். அதனால்தான் அம்மாவால் வர முடியவில்லை. தம்பி சொன்னது சரிதான்.

மண்டூர்த் தகப்பன்:
இவ்வளவும் வாசித்தேன். பிள்ளையின் தகப்பனைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. “சரி என்கிறார்” என்பதோடு அவர் முடிந்துவிட்டார்.

எனக்கும் இரண்டு பிள்ளைகள். இளையது பிறந்தபோது அரசாங்கம் தகப்பனுக்குத் தரும் லீவு மூன்று நாள். அந்த மூன்று நாளில் ஒரு பிள்ளையையும் வளர்க்க முடியாது, அது வேறு கதை. ஆனால் இரவு எல்லா நாளும் வருகிறது. முதல் கிழமையே மனைவியிடம் சொல்லிவிட்டேன், இளையது உன்னுடையது, இரவில் மூத்தவன் என்னுடையவன் என்று. வேறு அறை இல்லை, மண்டபத்தில் பாயைப் போட்டோம். முதல் மூன்று இரவும் அம்மா அம்மா என்று அழுதான். நான் தூக்கிக்கொண்டு வாசலில் நடந்தேன். நாலாம் இரவு என் சேட்டைப் பிடித்துக்கொண்டு நித்திரையானான்.

விடியக் கிணற்றடியில் அவனுக்கு வார்ப்பது நான், புட்டுத் தீத்துவது நான். அதற்குப் பிறகுதான் குருமண்வெளிப் பக்கம் போக, வாவியைக் கடக்கும் பாதையில், அதாவது மிதவையில், ஏறுவேன். பிந்தினால் அடுத்த பாதைக்கு நிற்க வேண்டும், பல நாள் நின்றிருக்கிறேன். பரவாயில்லை. மனைவிக்கு இரவில் எழும்ப ஒரு பிள்ளைதான் இருந்தது. அதிலேயே அவருடைய முகம் மாறியது.

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் காட்டுங்கள். கோபப்பட்டால் என்னைத் திட்டட்டும்.

அக்கரைப்பற்று மகள்:
எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு மூன்று வயதில் உம்மா சவூதிக்குப் போனார், வீட்டு வேலைக்கு. மூத்தம்மாதான், அதாவது அம்மம்மாதான், வளர்த்தார். நல்லாக வளர்த்தார், ஒரு நாள் பசிக்க விட்டதில்லை. உம்மா திரும்பி வந்தபோது எனக்கு ஐந்து வயது. வாசலில் நின்று கையை நீட்டினார். நான் மூத்தம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவரை “மாமி” என்று கூப்பிட்டேனாம். உம்மா இப்போதும் அதைச் சொல்லி அழுவார்.

2013 இல் அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போக முடியாது, குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்றது. 2022 இல் காசுக் கஷ்டம் வந்ததும் அந்த வயதை இரண்டாக இறக்கினார்கள். உம்மாவுக்கு வேறு வழி இருக்கவில்லை, அவரில் எனக்குக் கோபம் இல்லை. உங்களுக்கு வேறு வழி இருக்கிறது அக்கா.

தம்பிலுவிலான்:
சகோதரி, உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு அம்மாவுக்கு கோல் எடுத்தேன். வாவிக்கரை அக்கா கேட்ட கேள்வியைக் கேட்டேன். “நீ இரவில் அங்கே படுத்தாலும் நான் வந்து போர்த்திவிட்டுத்தான் போவேன்” என்றார். எனக்கு இவ்வளவு நாளும் அது தெரியாது.

ஆறு மாதம் வேண்டாம், அதை விட்டுவிடுகிறேன். ஆனாலும் ஒரேயடியாக விடவே கூடாது என்பதை ஏற்க மாட்டேன். பாடசாலை விடுமுறையில் நாலு பேரும் போய்ப் பத்து நாள் நில்லுங்கள். பிள்ளை மாட்டோடும் பெரியம்மாவின் பிள்ளைகளோடும் நிற்கட்டும், நீங்கள் பகலில் படுங்கள். அம்மம்மாவின் கைக்கு உரிய வேலையைக் கொடுக்காமல் விடுவதும் பிழைதான்.

வாவிக்கரை:
நாலு பேருமாகப் போவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

கல்லடிப்பிள்ளை:
நேற்று இரவு அவருக்கு வாசிக்கக் கொடுத்தேன். மண்டூர் அண்ணா எழுதியதை இரண்டு தரம் வாசித்தார். ஒன்றும் பேசவில்லை. பத்து மணிக்குப் பாயை எடுத்துக்கொண்டு போய் மண்டபத்தில் போட்டார். மகள் ஒரு மணித்தியாலம் அழுதாள். எழும்பிப் போகாமல் இருக்க எனக்குப் பெரும் பாடாகிவிட்டது.

அரைச் சம்பளத்தில் இன்னும் 84 நாள் எடுக்கலாம், ஆனால் வாடகையும் லோனும் சேர்ந்தால் தாங்காது. அதனால் லீவு முடிய வேலைக்குப் போகிறேன். பக்கத்து வீட்டு அன்ரி மகனைப் பகலில் பார்க்கிறேன் என்றிருக்கிறார். அம்மாவிடம் மகளை அனுப்பவில்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். விடுமுறைக்கு வருவோம் என்றேன், “எத்தனை நாள்?” என்று கேட்டார்.

ராத்தா, ஒன்று கேட்க வேண்டும். தாய்ப்பாலை எடுத்து வைத்துவிட்டுப் போனால் இந்த வெக்கைக்குப் பழுதாகாதா?

காத்தான்குடி ராத்தா:
வெளிய வைக்காதீங்க மகள். எடுத்த உடன மூடி ஃபிரிட்ஜிட உள்பக்கம் வைங்க, கதவுப் பக்கம் வேணாம். குடுக்கக்குள்ள அடுப்பில சூடாக்காம சுடுதண்ணிக் கோப்பைக்குள்ள வைச்சு எடுக்கணும். குடிச்சு மிஞ்சினத திரும்ப வைக்கப்படாது. சூப்பிப் போத்தல் வேணாம், சின்னக் கோப்பையால குடுக்க அன்ரிக்குப் பழக்குங்க. இப்பவே தொடங்குங்க, லீவு முடியிற அன்றைக்குப் பழக்கினா பிள்ள குடிக்காது.