எங்கள் ஹட்டியில் ராத்தங்கிய சேரன் பஸ்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஹட்டிக்கு, அதாவது எங்கள் படுகர் ஊருக்கு, கடைசி பஸ் ராத்திரி எட்டரைக்கு வரும். வந்தால் திரும்பாது, நைட் ஹால்ட். டிரைவரும் கண்டக்டரும் டீக்கடை மாடியில் படுத்துக்கொள்வார்கள். பனிக்காலத்தில் விடிய ஐந்தரைக்கு இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றுவார்கள். அந்தச் சத்தத்தில்தான் ஊரே எழும்.

எண்பதுகளின் கடைசியில் பாட்டிக்கு மாத்திரை தீர்ந்தால் சீட்டையும் பணத்தையும் கண்டக்டர் அண்ணனிடம் கொடுத்தனுப்புவோம். சாயங்காலம் மாத்திரையோடு மீதிச் சில்லறையும் வந்துவிடும். கோயமுத்தூர்க்காரர். "ஏனுங்கம்மா, மறக்காம சாப்பிட்டுப்போட்டு மாத்திரையப் போடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் விசில் அடிப்பார். அவர் மாற்றலாகிப் போன அன்று பாட்டி சாப்பிடவில்லை.

தனியார் பஸ்களை அரசு எடுத்துக்கொண்ட காலத்தில், 1972-ல், கோவையைத் தலைமையிடமாக வைத்துச் சேரன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. பத்துப் பேர் ஏறும் எங்கள் தடத்துக்கும் வண்டி வந்தது அரசு நடத்தியதால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு முன் மெயின் ரோடு வரை முட்டைக்கோஸ் மூட்டையைத் தலையில் சுமந்தே போவோம் என்பார் தாத்தா.

இதைப் படித்துக் குன்னூரிலிருந்து ஒருவர் எழுதியது:

என் அப்பா டிப்போ மெக்கானிக். 1997-ல் விருதுநகரில் தொடங்கிய கழகத்துக்கு கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டித் தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் வந்தது. அதன்பின் எல்லாக் கழகங்களின் பெயர்களையும் அரசு எடுத்துவிட்டது. சேரனும் போனது. வண்டியின் பக்கவாட்டில் அந்த எழுத்தின் மேல் பெயிண்ட் அடித்ததை அப்பா வீட்டில் வந்து சொன்னபோது குரல் கம்மியது. இன்றும் அம்மா "சேரன் வந்திருச்சா?" என்றுதான் கேட்பார்.

இன்னொருவர் எழுதியது:

தேயிலை பறிக்கப் போகும் என் அம்மாவுக்கு பஸ் காசு பெரிய விஷயம். 2021-ல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும்தான். எங்கள் மலை வண்டிகள் அந்தக் கணக்கில் வரவில்லை. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைக்கு நீட்டித்தது 2024-ல். முதல் நாள் வாங்கிய கட்டணமில்லா டிக்கெட்டை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். அப்புறம், கண்டக்டரிடம் மருந்துச் சீட்டு கொடுத்தனுப்பும் பழக்கம் எங்கள் தடத்தில் இன்றும் உண்டு.