மடல்: 'ரென்ட் சீக்கிங்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பொருளாதார ஏற்றத்தாழ்வு பற்றிய சொற்பட்டியலில் மற்ற சொற்களெல்லாம் ஒருவழியாக முடிந்துவிட்டன. இது ஒன்றுதான் இழுத்துக்கொண்டிருக்கிறது. புதிதாக எதையும் உற்பத்தி செய்யாமல், விதிகளையும் உரிமங்களையும் தனக்குச் சாதகமாக்கி உபரியைப் பிடிக்கப் பார்ப்பதைத்தான் 'ரென்ட் சீக்கிங்' (rent seeking) என்கிறார்கள். இதுவரை வந்த கருத்துகளுக்கு என் பதில்களைக் கீழே தருகிறேன்.

> 'வாடகை தேடல்' என்றே போட்டுவிடலாமே. நேரான சொல்.

வேண்டாம் ஐயா. படிப்பவருக்கு வீடு பார்த்து அலைகிறவர்தான் நினைவுக்கு வருவார். இங்கே 'ரென்ட்' என்பது பொருளியலாளர் ரிக்கார்டோ 1817-இல் விளக்கிய பொருளில் வருகிறது. வளமான நிலம் கையில் இருப்பதாலேயே, தான் எதுவும் செய்யாமல் ஒருவருக்குக் கிடைக்கும் உபரி அது. குத்தகை ஏறுவதால் தானிய விலை ஏறவில்லை, தானிய விலை ஏறுவதால்தான் குத்தகை ஏறுகிறது என்பது அவர் வாதம். நம் பாடநூல்கள் இதை 'வாரம்' என்கின்றன. வாரம், கூலி, வட்டி, இலாபம் என்று நாம் படித்த வரிசைதான். ஆனால் 'வாரம் தேடல்' என்று எழுதிப் பாருங்கள், யாரோ நாட்காட்டியைப் புரட்டுவது போல இருக்கிறது!

> சுற்றி வளைப்பானேன், 'ஊழல்' என்றே சொல்லலாம்.

இந்தப் பரிந்துரையைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். இதில் பெரும்பகுதி சட்டப்படியே நடக்கிறது. போட்டிப் பொருளின் இறக்குமதியைத் தடுக்கச் சொல்லி ஒரு தொழில்துறை மனுப் போடும். காப்புரிமைக் காலத்தை நீட்டச் சொல்லும். புதியவர்கள் நுழைய முடியாதபடி உரிம விதிகளை இறுக்கச் சொல்லும். லஞ்சம் கைமாற வேண்டிய அவசியமே இல்லை. ஊழல் என்று பெயர் வைத்தால், யாரும் பிடிபடாத இடத்தில் எல்லாம் நேர்மையாக நடக்கிறது என்று ஆகிவிடும்.

பொருளியலாளர் கோர்டன் டல்லக் 1967-இல் இந்தக் கருத்தை முன்வைத்தபோது அதற்குப் பெயர் இல்லை. 1974-இல் இன்னொரு பொருளியலாளர் ஆன் க்ரூகர்தான் பெயர் சூட்டினார். டல்லக் திருட்டை உதாரணம் காட்டினார். திருடனிடம் போன பணம் எங்கும் தொலைந்துவிடவில்லை, கைதான் மாறியது. உண்மையான நட்டம் திருடன் கடப்பாரைக்கும், வீட்டுக்காரர் பூட்டுக்கும் செய்த செலவு. அதுபோலச் சலுகையைப் பிடிக்க எல்லோரும் கொட்டுகிற பணமும் நேரமும் மூளையும் எதையும் உற்பத்தி செய்வதில்லை. இறக்குமதி உரிமம் போன்ற கட்டுப்பாடுகளால் உருவான இந்த வகை உபரி, இந்தியாவில் 1964-இல் தேசிய வருமானத்தில் 7.3 சதவீதம் என்று க்ரூகர் மதிப்பிட்டார். துருக்கியில் 1968-இல் இறக்குமதி உரிமங்கள் மட்டுமே சுமார் 15 சதவீதம்.

> அப்படியானால் 'சலுகை வேட்டை'?

இது எனக்குப் பாதி பிடித்திருக்கிறது. 'வேட்டை' சரி. போட்டி, செலவு, துரத்தல் எல்லாம் அதில் இருக்கின்றன. 'சலுகை'தான் உதைக்கிறது. அரசு கூப்பிட்டுக் கொடுப்பது மட்டும் போல ஒலிக்கிறது. பக்கத்தில் ரயில் பாதை வந்ததால் ஒருவரின் மனை விலை ஏறினால் அதை யாரும் சலுகை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அது வாரம். (அது வாரம் மட்டுமே, வேட்டை இல்லை. தன் பகுதியில் இனி யாரும் புதிதாகக் கட்டக் கூடாது என்று அவர் விதி கேட்கும்போதுதான் வேட்டை தொடங்குகிறது.) இது சின்ன விஷயமும் இல்லை. பணக்கார நாடுகளில் வருமானத்தில் மூலதனத்தின் நிகரப் பங்கு (தேய்மானம் கழித்தது) கூடியதற்கு வீட்டுச் சொத்தே முக்கியக் காரணம் என்று 2015-இல் பொருளியலாளர் மேத்யூ ரோன்லி காட்டினார்.

என் பரிந்துரை: மேல்வார வேட்டை.

உழுதவர் பங்கு குடிவாரம், மேலே உரிமை வைத்திருந்தவர் பங்கு மேல்வாரம் என்று நம்மிடம் ஏற்கனவே ஒரு சோடி இருக்கிறது. உழைப்பின் பங்கையும் உரிமையின் பங்கையும் இத்தனை தெளிவாகப் பிரிக்கிற சொற்கள் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் செய்ய வேண்டும்?

> மேல்வாரம் அரசுக்குச் சேர்ந்த வரியும்தானே? வரியே சுரண்டல் என்று தொனிக்காதா?

நியாயமான கேள்வி அம்மா. ஆனால் அரசுக்குரிய அந்தப் பங்கை வசூலித்துக்கொள்ளும் உரிமைதான் ஜமீன்தார், இனாம்தார் கைகளுக்கும் போனது. அந்த உரிமையைப் பெறவும் காக்கவும் நடந்ததைத்தான் 'வேட்டை' குறிக்கிறது. சொல்லின் வரலாறே நமக்குச் சாதகம்.

இன்னொரு நண்பர், சொல் எதுவானால் என்ன, வறுமை ஒழிந்தால் போதாதா என்று கேட்டிருந்தார். தீர்வு மாறுகிறதே! திறமைக்குக் கிடைத்த கூடுதல் வருமானம் என்றால் கல்வியைப் பரப்புவோம். மேல்வாரம் என்றால் அது போதாது, உபரியின் மேலேயே கை வைக்க வேண்டும். நிலத்தின் மதிப்புக்கு வரி போட்டால் நிலம் குறைந்துவிடாது, ஓடியும் போகாது. அமெரிக்கப் பொருளியல் எழுத்தாளர் ஹென்றி ஜார்ஜ் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைத்தான் வற்புறுத்தினார். அலைக்கற்றையை வேண்டியவருக்கு ஒதுக்காமல் ஏலம் விட்டால் உபரி பொதுக் கருவூலத்துக்கு வரும். அமெரிக்கா 1994-இல் அப்படி ஏலம் விடத் தொடங்கியது. நார்வே எண்ணெய் இலாபத்தில் 78 சதவீதத்தை வரியாக எடுக்கிறது, இருந்தும் நிறுவனங்கள் தோண்டிக்கொண்டுதான் இருக்கின்றன. போட்டிச் சட்டங்களும் இந்தக் கணக்கில் சேரும்.

அதற்காக ஏற்றத்தாழ்வு முழுவதையும் இந்தச் சொல்லின் தலையில் கட்டக் கூடாது. பரம்பரைச் சொத்து, பள்ளிக்கே போக முடியாமல் போனது, தொழில்நுட்பம் சில வேலைகளின் கூலியை அழுத்தியது எல்லாம் வேறு காரணங்கள். அவற்றுக்கு வேறு சொற்கள் இருக்கின்றன. காப்புரிமையும் இரண்டும் கலந்தது. முதல் கண்டுபிடிப்புக்குக் கிடைப்பது பரிசு. அதே மருந்தில் சிறு மாற்றம் செய்து காலத்தை நீட்டப் பார்ப்பது வேட்டை.

பட்டியலில் இப்படிப் போடலாம் என்று நினைக்கிறேன்: பெயர்ச்சொல் 'மேல்வார வேட்டை', செய்பவர் 'மேல்வார வேட்டையர்'. பொதுவான 'ரென்ட்' பாடநூலில் உள்ளபடி 'வாரம்' என்றே இருக்கட்டும். கிழமையோடு குழம்பும் இடத்தில் மட்டும் 'பொருளியல் வாரம்' என்று எழுதலாம். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். பொருளியலாளர் மார்ஷலின் 'குவாசி ரென்ட்' (quasi-rent) என்பதற்கு வழங்கும் 'போலி வாரம்' எனக்கு அவ்வளவு ஒத்துவரவில்லை. 'போலி' என்றால் ஏமாற்று என்று எடுத்துக்கொள்வார்கள், அவர் சொன்னது தற்காலிகமான உபரியைத்தான். அதை யாராவது தனி இழையில் தொடங்கினால் நல்லது.