விஎக்ஸ்வொர்க்ஸ் 6.9: டெல்நெட்டில் ப்ராம்ப்ட் வருகிறது, கெர்னல் மெசேஜ் மட்டும் வரவில்லை

சர்வோசாமி:
எல்லாருக்கும் வணக்கம். பவர்பிசி போர்டு, அதுல ஓடுறது விஎக்ஸ்வொர்க்ஸ் 6.9 (ரியல்-டைம் ஓஎஸ்), பல அச்சு மோட்டார் கண்ட்ரோலர். போர்டு டெஸ்ட் ஷெட்டில் இருக்கு, நான் அடுத்த பில்டிங்கில். சீரியல் கேபிள் சொருக ஒவ்வொரு தடவையும் பர்மிஷன் வாங்கணும், அதனால் நெட்வொர்க் வழியா டெல்நெட்ல நுழையிறேன்.

லாகின் ஆகுது. அம்புக்குறி ப்ராம்ப்ட் வருது. 'ஐ' அடிச்சா டாஸ்க் பட்டியல் சுத்தமா வருது. ஆனா டிரைவர் 'லாக்-மெசேஜ்' வழியா போடுற எச்சரிக்கை ஒண்ணுகூட இங்கே தெரியலை. ஷெட்ல நிக்கிற பையன் சீரியல்ல பார்த்துட்டு "அண்ணே, கொட்டிக்கிட்டே இருக்கு"ங்கிறான். எனக்கு ஏன் வரலை?

லினக்ஸ்வாசி:
'டிமெசேஜ்' அடிச்சுப் பாருங்க ப்ரோ. கூட '-டபிள்யூ' போட்டா புதுசா வர்றதும் ஓடிக்கிட்டே இருக்கும்.

பழையகை:
அது லினக்ஸ் தம்பி. அங்கே கெர்னல் தன் மெசேஜை எல்லாம் ஒரு வளையப் பஃபரில் வைத்திருக்கும். எப்போது வந்து கேட்டாலும் பழையதை எடுத்துக் காட்டும். விஎக்ஸ்வொர்க்ஸில் அப்படிச் சேமிப்பு கிடையாது. லாக்-மெசேஜ் கூப்பிட்டதும் அது ஒரு வரிசையில் விழும், 'டி-லாக்-டாஸ்க்' எடுத்துத் தனக்குச் சொல்லப்பட்ட ஃபைல் டிஸ்கிரிப்டர்களில் (திறந்திருக்கும் ஃபைலையோ போர்ட்டையோ குறிக்கும் எண்கள்) எழுதும், அத்தோடு கதை முடிந்தது. அந்தப் பட்டியலில் இப்போது சீரியல் கன்சோல் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் டெல்நெட்டையும் அதில் சேர்க்க வேண்டும்.

மொபைலில் தமிழ் விசைப்பலகைதான், கமாண்டை ஒலிப்படி எழுதுகிறேன். ஹைபனை எடுத்துவிட்டு, இரண்டாவது துண்டிலிருந்து ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் கேப்பிட்டலாக அடியுங்கள். எஸ்டிடி என்பது ஸ்டாண்டர்டின் சுருக்கம், எஃப்டி ஃபைல் டிஸ்கிரிப்டரின் சுருக்கம். கமாண்ட் பெயரில் 'மெசேஜ்' வந்தால் எம்எஸ்ஜி என்று அடிக்க வேண்டும்.

லாக்-எஃப்டி-ஆட்(ஐஓ-டாஸ்க்-எஸ்டிடி-கெட்(0, 1))

உள்ளே இருக்கும் 0 'இதை ஓட்டும் டாஸ்க்', அதாவது உங்கள் ரிமோட் ஷெல். 1 அதன் அவுட்புட். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் நிஜ டிஸ்கிரிப்டரை எடுத்து லாக் டாஸ்க்கிடம் கொடுக்கிறோம். வெறும் 1 கொடுத்தால் ஆகாது. 1 என்றால் எழுதுகிற டாஸ்க்கின் 1. லாக் டாஸ்க்குக்கு அது கன்சோல். ஷெட்டில் ஒவ்வொரு வரியும் இரண்டிரண்டாக வரும், உங்களுக்கு அப்போதும் ஒன்றும் வராது.

ப்ராம்ப்ட் அம்புக்குறியாக இல்லாமல் சதுர அடைப்புக்குள் பெயர் காட்டினால் நீங்கள் கமாண்ட் இன்டர்பிரட்டரில் இருக்கிறீர்கள். கேப்பிட்டல் 'சி' அடித்து சி இன்டர்பிரட்டருக்கு மாறிக்கொள்ளுங்கள்.

சர்வோசாமி:
அண்ணே, 'வேல்யூ = 0' வந்துச்சு, அடுத்த நொடியே மெசேஜ் கொட்ட ஆரம்பிச்சிருச்சு! நன்றி. இன்னும் ரெண்டு சந்தேகம். பிரிண்ட்எஃப்ல போட்டதெல்லாம் இன்னும் வரலை. அப்புறம் 'டிரைவ் ஃபால்ட்:'னு வரி ஒழுங்கா ஆரம்பிக்குது, பக்கத்துல அச்சோட பேர் வர வேண்டிய இடத்துல மட்டும் குப்பை. சீரியல்லயும் இதே குப்பைதானாம். ஷெட்ல பாட் ரேட்டை, அதாவது சீரியல் வேகத்தை, சந்தேகப்படுறாங்க.

பழையகை:
பாட் ரேட் தப்பென்றால் வரி முழுக்கக் குப்பையாகும், பேர் மட்டும் ஆகாது. லாக்-மெசேஜ் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கூப்பிட்ட இடத்தில் அது எதையும் ஃபார்மட் செய்வதில்லை. ஃபார்மட் ஸ்ட்ரிங்கின் முகவரியையும் ஆறு ஆர்க்யுமென்ட்டையும் அப்படியே வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். அதனால்தான் இன்டரப்ட் ரொட்டீனுக்குள்ளிருந்தும் அதைக் கூப்பிட முடிகிறது. டி-லாக்-டாஸ்க் பிறகு நிதானமாக அந்த முகவரிக்குப் போய் எழுத்தைத் தேடும்.

உங்கள் டிரைவரில் பேரை ஒரு லோக்கல் கேரக்டர் அரேயில் தயாரித்து '%எஸ்'-க்குக் கொடுத்திருப்பார்கள், பந்தயம் கட்டுகிறேன். ஃபங்ஷன் திரும்பியதும் அந்த அரே இருந்த ஸ்டாக் (தற்காலிக மெமரி) இடத்தை வேறு யாரோ எழுதிவிடுகிறார்கள். பேர்களை ஸ்டாட்டிக் அட்டவணையில் வையுங்கள், இல்லையென்றால் அச்சின் எண்ணை மட்டும் அனுப்புங்கள். ஆர்க்யுமென்ட் எப்போதும் ஆறு. தேவையில்லாத இடத்தில் 0.

பிரிண்ட்எஃப் லாக் டாஸ்க் வழியாகப் போவதில்லை, அந்தந்த டாஸ்க்கின் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்குப் போகும். முழுவதையும் திருப்ப:

ஐஓ-குளோபல்-எஸ்டிடி-செட்(1, ஐஓ-டாஸ்க்-எஸ்டிடி-கெட்(0, 1))

நானாக இருந்தால் இதைச் செய்ய மாட்டேன். போர்டில் பிரிண்ட்எஃப் போடும் எல்லா டாஸ்க்கும் உங்கள் நெட்வொர்க்கை நம்பி நிற்கும். சந்தேகப்படுகிற ஒரு டாஸ்க்கை மட்டும் 'ஐஓ-டாஸ்க்-எஸ்டிடி-செட்'டால் திருப்புங்கள். முதல் ஆர்க்யுமென்ட் அந்த டாஸ்க்கின் ஐடி.

கேபிள்காரி:
பழையகை சார் சொன்னது சரி. ஒரு முக்கியமான சமாச்சாரத்தை நான் சேர்க்கிறேன்: வெளியே போகும்போது துடைத்துவிட்டுப் போங்கள். 'லாக்-எஃப்டி-டெலீட்'டுக்கு அதே எண்ணைக் கொடுக்க வேண்டும். செஷன் மூடியதும் அந்த டிஸ்கிரிப்டர் எண் காலியாகும், அடுத்து யார் ஃபைல் திறந்தாலும் அதே எண் கிடைக்கலாம். லாக் டாஸ்க்குக்கு அது தெரியாது, பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும். டேட்டா ஃபைலின் நடுவே 'டிரைவ் ஃபால்ட்' வரி முளைத்திருந்தால் காரணம் இதுதான். எந்த எண் யாரிடம் இருக்கிறது என்று பார்க்க 'ஐஓஎஸ்-எஃப்டி-ஷோ'. கன்சோல் வரிக்கு நேரே 'இன் அவுட் எர்' என்று நிற்கும்.

லைன் மெதுவாக இருந்தால் டெல்நெட்டில் எழுதப்போன லாக் டாஸ்க் அங்கேயே காத்துக் கிடக்கும், பின்னால் வரிசை நிரம்பும். வழக்கமான கொள்ளளவு 50 மெசேஜ். அதற்கு மேல் வந்தவை போச்சு. எத்தனை போச்சு என்று பிறகு 'லாக்டாஸ்க்' என்ற பெயரில் ஒரு வரி வரும். அந்த வரியைப் பார்த்தால் டிரைவரைத் திட்டாமல் மெசேஜைக் குறையுங்கள்.

நீலத்திரை:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது க்யூஎன்எக்ஸ் 7, இன்னொரு ரியல்-டைம் ஓஎஸ். அதற்கும் இதேபோலத்தானா?

கேபிள்காரி:
இல்லை, உங்களுக்குச் சுலபம். அங்கே ஸ்லாகர்2 என்ற லாக் சேவை மெசேஜைப் பஃபரில் சேர்த்து வைக்கும். எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து 'ஸ்லாக்2இன்ஃபோ -டபிள்யூ' அடித்தால் இருப்பதையும் காட்டிவிட்டுப் புதியதற்குக் காத்திருக்கும். கெர்னலே விழுந்தால் வரும் ரெஜிஸ்டர் டம்ப் மட்டும் அதில் வராது, டீபக் சீரியலில்தான்.

சர்வோசாமி:
குப்பை போயிருச்சு, நீங்க சொன்ன அதே லோக்கல் அரேதான்! இப்போ அச்சு பேர் பளிச்சுனு வருது. கடைசியா ஒண்ணு: ராத்திரி போர்டு தானா ரீபூட் ஆகுது. காலைல நான் லாகின் பண்றப்போ முந்தின மெசேஜ் ஒண்ணும் கிடைக்க வழியில்லையா?

பழையகை:
லாக்-மெசேஜில் போனது போனதுதான். இனி வருவதற்கு ஒரு ஃபைலைத் திறந்து அதன் டிஸ்கிரிப்டரையும் லாக்-எஃப்டி-ஆட்டுக்குக் கொடுத்து வையுங்கள். கூடுதலாக 5 வரை சேர்க்கலாம். எக்செப்ஷனில் விழுந்து ரீபூட் ஆகிறதென்றால் வேறொரு இடம் இருக்கிறது: 'ஈடிஆர்-ஷோ' அடித்துப் பாருங்கள். பிழைப் பதிவை வார்ம் ரீபூட்டில் அழியாத மெமரிப் பகுதியில் வைத்திருக்கும். பவரை அணைத்தால் போய்விடும், அதனால் காலையில் யாரும் சுவிட்சில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வோசாமி:
அடிச்சேன். 'சி இன்டர்ப்: அன்நோன் சிம்பல் நேம்'ங்குது.

பழையகை:
இமேஜில் அதைச் சேர்க்கவில்லை. வொர்க்பெஞ்சில் (விஎக்ஸ்வொர்க்ஸ் இமேஜைத் தயாரிக்கும் சாஃப்ட்வேர்) கெர்னல் கான்ஃபிகரேஷனைத் திறந்து ஈடிஆர் எர்ரர் லாகையும் ஈடிஆர் ஷோவையும் இன்க்ளூட் செய்து, மறுபடி பில்ட் பண்ணி ஏற்றுங்கள். போர்டு துவங்கும்போதே, லாகின் கிடைப்பதற்கு முன்னால் வரும் வரிகள் இதில் எதிலும் சிக்காது. அவை வேண்டுமென்றால் சீரியல் போர்ட்டில் ஒரு டெர்மினல் சர்வரை (சீரியலை நெட்வொர்க் வழியாகக் காட்டும் பெட்டி) மாட்டிவிடச் சொல்லுங்கள். பர்மிஷன் ஒரு தடவை வாங்கினால் போதும்.