ஸ்பூலர் விழுந்தால் பிரிண்டர்ஸ் ஃபோல்டரைத் துடைப்பதுதான் வைத்தியமா?

மைக்கூடு: விண்டோஸ் அப்டேட் போட்டதும் பிரிண்ட் ஸ்பூலர் (அச்சு வேலைகளை வரிசையில் வைத்துப் பிரிண்டருக்கு அனுப்பும் சர்வீஸ்) ஸ்டார்ட் ஆன வேகத்தில் விழுகிறது, பிரிண்டர்ஸ் ஃபோல்டர் காலியாகத்தான் இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு வந்த பதில்: "ஃபோல்டரைக் காலி பண்ணுங்க, சரியாயிடும்." கேள்வியைப் படித்தீர்களா இல்லையா? அங்கே இருப்பவை, காத்திருக்கும் வேலைகளின் எஸ்பிஎல் (அச்சிட வேண்டிய தரவு), எஸ்எச்டி (அந்த வேலையின் விவரம்) ஃபைல்கள் மட்டும். காலியாக இருப்பதை எப்படி ஐயா காலி செய்வது? ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் லாக், ஐடி 1000, அதாவது ப்ரோகிராம் விழுந்த பதிவு. ஃபால்ட்டிங் மாட்யூல், அதாவது எதற்குள் விழுந்தது என்று, ஒரு டிஎல்எல் (ப்ரோகிராம் ஏற்றிக்கொள்ளும் துணை ஃபைல்) பெயர் இருக்கும். அதைப் பார்க்காமல் எதையும் தொடக்கூடாது.

பழையகீபோர்ட்: பதில் போட்டவன் நான்தான். சர்வீஸை நிறுத்தி, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ், எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஸ்டார்ட். சர்வீஸ் எழும்போது பழைய எஸ்எச்டியைப் படித்து அந்த வேலையை மறுபடி ஓட்டப் பார்க்கும். கெட்டுப்போன ஃபைல் என்றால் திரும்பவும் விழும். ஆகவே முதலில் ஃபோல்டர். லாக் படிக்கச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்.

மைக்கூடு: ஃபோல்டர் காலி. காலி என்றால் காலி.

வைகைக்கரை: எதற்கு இவ்வளவு? அப்டேட்டை அன்இன்ஸ்டால் செய்தால் முடிந்தது.

மைக்கூடு: எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் யோசனை. அது குமுலேட்டிவ் அப்டேட். அந்த மாதப் பாதுகாப்புத் திருத்தங்கள் மொத்தமும் சேர்ந்து போகும், அடுத்த மாதம் அதே மாற்றம் திரும்ப வரும். 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் ஓட்டைக்கு அவசரத் திருத்தம் வந்ததே இந்த ஸ்பூலருக்குத்தான்.

வைகைக்கரை: அதே 2021 செப்டம்பர் அப்டேட்தான் ஷேர் பிரிண்டர்களை 11பி எரரில் நிறுத்தியது. அதையும் சொல்லுங்கள்.

மைக்கூடு: அது கனெக்‌ஷன் எரர். சர்வீஸ் விழுவது வேறு. குழப்பாதீர்கள்.

பழையகீபோர்ட்: மாட்யூல் மாட்யூல் என்கிறீர்களே, லாக்கில் என்டிடிஎல்எல் என்று வந்தால்? அது விண்டோஸின் சொந்த ஃபைல். அதை அழிக்கச் சொல்வீர்களோ?

மைக்கூடு: என்டிடிஎல்எல் வந்தால், வேறொரு டிஎல்எல் மெமரியைக் கெடுத்திருக்க வாய்ப்பு அதிகம். ரெஜிஸ்ட்ரியில் விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங் கீழே லோக்கல்டம்ப்ஸ் கீ, அதற்குள் ஸ்பூலர் எக்ஸ்ஈ பெயரில் ஒரு கீ, டம்ப்டைப் 2. அடுத்த முறை விழும்போது முழு டம்ப் (விழுந்த கணத்தின் மெமரிப் பதிவு) கிடைக்கும். விண்டிபிஜி என்ற டீபக்கரில் அதைத் திறந்து ஸ்டாக்கை, அதாவது விழும்போது எது எதை அழைத்தது என்ற வரிசையைப் பாருங்கள். பெரும்பாலும் பிரிண்டர் கம்பெனி போட்ட டிரைவரோ போர்ட் மானிட்டரோதான் (பிரிண்டருக்குத் தரவை அனுப்பும் டிஎல்எல்) நிற்கும். டிரைவர் என்றால் அதைப் பயன்படுத்தும் பிரிண்டர்களை முதலில் நீக்கி, பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவரோடு பேக்கேஜையும் (அதன் இன்ஸ்டால் ஃபைல்கள்) சேர்த்து நீக்க வேண்டும். டிரைவரை மட்டும் நீக்கினால் பழைய பேக்கேஜிலிருந்தே மறுபடி ஏறிக்கொள்ளும்.

வைகைக்கரை: பிரிண்ட் மேனேஜ்மென்டில் டிரைவரை ஐசொலேட்டட் என்று மாற்றினால் போதுமே. டிரைவர் தனி ப்ராசஸில் ஓடும், அது விழுந்தாலும் ஸ்பூலர் விழாது.

மைக்கூடு: டிரைவருக்கு மட்டும். போர்ட் மானிட்டரும் பிரிண்ட் ப்ராசஸரும் (வேலையை அச்சுக்குத் தயார் செய்யும் டிஎல்எல்) ஸ்பூலருக்குள்ளேயேதான் ஏறும், ஐசொலேஷன் அவற்றைத் தொடாது. ப்ராசஸர் என்றால் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸின் அட்வான்ஸ்ட் டேபில் விண்டோஸின் சொந்த வின்பிரிண்ட்டுக்கு மாற்றுங்கள். மானிட்டர் என்றால் ரெஜிஸ்ட்ரியில் கன்ட்ரோல், பிரிண்ட், மானிட்டர்ஸ். எக்ஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வெளியார் கீயை மட்டும் நீக்குங்கள். லோக்கல் போர்ட், ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி, யூஎஸ்பி மானிட்டரில் கை வைக்காதீர்கள்.

பழையகீபோர்ட்: ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கச் சொல்கிறவர், ஃபைல் அழிக்கச் சொன்னவனை மிரட்டுகிறார். போன திரியிலும் இதே அதட்டல்தான்.

மைக்கூடு: போன திரியிலும் லாக்கை ஒட்டச் சொன்னேன், நீங்கள் ஒட்டவே இல்லை.

பழையகீபோர்ட்: கேட்டவர் ஃபோல்டரைத் துடைத்துப் பார்க்கட்டும். பிறகு பேசலாம்.

மைக்கூடு: காலி ஃபோல்டரை?